எட்டு தாலர் காணிக்கை

தோர்கேலுக்குத் தோளில் வலு போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. கோயில் காவல்காரனுக்குத் தோள்தானே மூலதனம்? நீளக் கழியின் நுனியில் காணிக்கைப் பை தொங்கும். அதை வரிசை வரிசையாக நீட்டவேண்டும். பிரசங்கத்தில் தூங்குகிறவன் மூக்கருகே அதன் மணியை ஆட்டவும் வேண்டும். போன மாதம் கழி நழுவி, சில்லறை சிதறிவிட்டது.

"இன்னொரு தடவ பை தரையத் தொட்டுச்சுன்னா, சாவியக் குடுத்துட்டுக் கெளம்பிரு," என்றார் பாதிரியார் எலோஃப். சாவி போனால் தோர்கேல் குடியிருக்கும் குடிசையும் போய்விடும்.

அடுத்த ஞாயிறே சுரங்கப் பங்குக்காரர் யெர்முண்ட், இடுப்புவலி தீர்ந்ததற்கான நேர்ச்சையோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். எட்டு தாலர் பெறும் செப்புத் தகடு; அந்த நாட்டில் பெரிய காசென்றால் தகடுதான். நாலு மூலையிலும் நடுவிலும் அரச முத்திரை. அகலத்தில் அடுப்புக் கதவு, கனத்தில் ஆட்டுக்குட்டி.

தோர்கேல் கழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "பீடத்துல வெச்சிருங்களேன் ஐயா."

"எல்லாரும் பாக்கப் பையிலதான் போடுவேன்னு வேண்டியிருக்கேன். நீட்டுய்யா!"

பாதிரியாரின் கண் பையின் மேலேயே இருந்தது. தோர்கேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"போடுங்க. ஆனா பை பீடத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கைய விட்டா நேர்ச்சை பாதியில நின்னுரும். புடிச்சுக்கிட்டே வாங்க."

அப்படி ஒரு வழக்கம் எங்கும் கிடையாது. ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது யெர்முண்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்லமுடியும்? பையின் வாய்மேல் தகட்டை வைத்து, இரண்டு கையாலும் தாங்கியபடி நடந்தார். தோர்கேல் பின்னால் கழியை ஒப்புக்குப் பிடித்துக்கொண்டு வந்தான்.

இருபத்திரண்டு வரிசை. பையின் வாயைத் தகடு மூடிவிட்டதால், சனங்கள் காசைத் தகட்டின் மேலேயே அடுக்கினார்கள். கொல்லன் பெண்டாட்டி இங்கிரித் முழுத் தகடு ஒன்றையே வைத்தாள், சின்னதுதான்.

"இன்னும் கொஞ்சம் எறக்குங்கய்யா, எங்க மாமியாளுக்கு எட்டல," என்றாள்.

யெர்முண்ட் இறக்கினார். பிறகு ஏற்றினார். அன்று மணியை ஆட்ட வேண்டிய வேலையே இல்லை; ஒருத்தரும் தூங்கவில்லை. பீடத்துக்குத் திரும்பியபோது அவர் முகம் தகட்டின் நிறத்துக்கு வந்திருந்தது. தகட்டை வைத்தார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"ஐயோ, இடுப்பு! மறுபடி புடிச்சுக்கிச்சே!"

பாதிரியார் பையைப் பார்த்தார். அது தரையைத் தொடவே இல்லை. தோர்கேல் இடுப்பில் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டு, யெர்முண்டின் காதருகே குனிந்தான்.

"திரும்ப நேந்துக்குங்க ஐயா. இந்தத் தடவ சில்லறையா."