கை மாறிய காப்பு

நவோமி கையை நீட்டியதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஓடிப்போய் இழுத்து வந்திருப்பேன். ஆனால் நான் கோயில் வாசலைத் தாண்டுவதில்லை. ஆறு வருடமாக எனக்கும் மாரியம்மனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

நவோமி கென்யாவிலிருந்து வந்தவள். அங்கே பாதிரியார் படிப்புப் படிக்கிறாள். வேற்று மதத்தார் எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று ஓர் அரையாண்டு அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்க்க வேண்டுமாம். அதற்கு மதிப்பெண்ணும் உண்டாம். ஓசூரில் இருக்கும் படிப்பு மையத்திலிருந்து கௌதம் வந்து, "அக்கா, நீங்க தனியாத்தான இருக்கீங்க, உங்கூட்ல வெச்சிக்கங்க" என்று கேட்டான். நானும் தலையாட்டிவிட்டேன். வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கு, பண்டிகைக்குக் காப்புக் கட்டுகிற அன்றைக்கா பார்த்து அவளைக் கொண்டுவந்து இறக்குவான்? களியை உருட்டி விழுங்கக் கற்றுக்கொடுத்தேன். அவள் மென்று மென்று தின்றாள். பிறகு கோயில் பார்க்க வேண்டும் என்று கை காட்டினாள். கூட்டிப்போய் நான் வாசலோடு நின்றுகொண்டேன்.

யார் எது கொடுத்தாலும் கையை நீட்டி வாங்கு என்று மையத்தில் பாடம் நடத்தி அனுப்பியிருக்கிறார்கள். நல்ல பாடம். தீமிதிக்கு நேர்ந்துகொண்டவர்களின் வரிசையில் போய் நின்றிருக்கிறாள். பூசாரி ராமப்பனுக்குப் புகையில் ஆள் தெரிந்ததோ இல்லையோ, நீட்டின கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். சிரித்துக்கொண்டே வந்து மணிக்கட்டைக் காட்டினாள்.

காப்புக் கட்டியவர்கள் தீ மிதித்து அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆறு வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் ராஜசேகர் தாண்டினார். ஆள் குறைகிறது, ஒரு ஷிப்ட் மட்டும் வந்துவிட்டுப் போ என்று கம்பெனியில் கூப்பிட்டார்கள். "சாயங்காலத்துக்குள்ள வந்துடறன்" என்று சொல்லிக் காப்போடு பைக்கை எடுத்தார். கிருஷ்ணகிரி ரோட்டில் லாரி அடித்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள்.

மறுநாள் காலையிலேயே கௌதம் காரோடு வந்து நின்றான். முகம் செத்துப் போயிருந்தது.

"அக்கா, தேதியத் தப்பாப் பாத்துட்டன். பெங்களூர் விசா ஆபீஸ்ல இன்னைக்கு இவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். போவலன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. படிப்பே போயிடும்."

"அவ கையப் பாரு" என்றேன்.

பார்த்தான். அவனும் இந்தப் பக்கத்துக் கல்லாவிக்காரன்தான், விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அறுத்துடலாம்க்கா. அவங்க வேற மதந்தான."

அதையே அவளிடம் இங்கிலீஷில் சொன்னான். அவள் மணிக்கட்டை மறு கையால் மூடிக்கொண்டாள். சொல்ல வந்ததை நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

"என்னாவாம்?"

"யாரும் புடிச்சிக் கட்டலியாம். அவங்களாத்தான் கைய நீட்டுனாங்களாம். இத அறுத்துப் போட்டுட்டுப் படிக்கறதுக்கு வராமலே இருந்திருக்கலாமாம்." கௌதம் சாவியைக் கையில் உருட்டினான். "அப்படியே கூட்டிட்டுப் போறன்க்கா. சாயங்காலத்துக்குள்ள வந்துடறோம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் கார் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

மூவருமாகக் கோயில் வாசலுக்குப் போய் ராமப்பனை வெளியே கூப்பிட்டுச் சொன்னோம். "தாண்டினா என்னா ஆவும்னு உனக்கு நான் சொல்லணுமா தாயி" என்றார். அதட்டியிருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். மெதுவாகச் சொன்னார், அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. ராஜசேகரைக் கொன்றது தூங்கிப்போன லாரி டிரைவர். இதைச் சொல்லிச் சொல்லி இந்த ஊரில் நான் சண்டை போடாத ஆள் இல்லை. ஆனாலும் இந்தப் பெண்ணை அதே கயிற்றோடு அதே ரோட்டில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பயம்தான், வேறென்ன.

"வேற வழியே இல்லியா?"

"ஒரே அடுப்புல சாப்புட்டவங்க வாங்கிக் கட்டிக்கலாம். அப்ப தீயும் அவங்கதான் மிதிக்கணும்." ராமப்பன் நவோமியை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தப் பொண்ணு யாரூட்டு ஆளு?"

கௌதம் தரையைப் பார்த்தான். நவோமி என்னையே பார்த்தாள். என் வீட்டு அடுப்பில் ராஜசேகருக்குப் பிறகு இன்னொருவருக்கும் சேர்த்து உலை வைத்தது நேற்றுத்தான்.

"எங்கூட்டுக் களியத்தான் தின்னா" என்றேன். "எங்கூட்டு ஆளு."

வாசலைத் தாண்டி உள்ளே போனேன். கையை நீட்டும்போது அம்மன் பக்கம் திரும்பவே இல்லை. ராமப்பன் அவள் கையிலிருந்து அவிழ்த்து என் கையில் கட்டினார். கார் கிளம்பிப் போய்விட்டது.

மத்தியானம் நான் வேலை செய்கிற கம்பெனியிலிருந்து போன் வந்தது. "ஜோதிமணி, நைட் ஷிப்டுக்கு ஆள் இல்ல, வந்துடு" என்றார் சூப்பர்வைசர்.

"காப்புக் கட்டியிருக்கன் சார். எல்லை தாண்டக் கூடாது. வர மாட்டன்."

"சரி" என்று அவர் போனை வைத்துவிட்டார். இவ்வளவுதான். இதை மட்டும் ராஜசேகர் அன்றைக்குச் சொல்லியிருந்தால் போதும். அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

வெயில் தாழ்ந்ததும் எல்லைக்கல் கிட்டே போய் நின்றேன். கௌதம் போன் எடுக்கவில்லை. தக்காளி வேன்கள் போயின, கம்பெனி பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் ரோட்டை எட்டிப் பார்த்தேன். கயிற்றைக் கழற்றித்தானே அனுப்பினேன், பிறகு என்ன பயம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டினால் பயம் போகிறதா?

கடைசியில் கார் வந்தது. நவோமி இறங்கி, காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டிச் சிரித்தாள். அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் முன்னால் கையை நீட்டினாள்.

"காப்பத் திருப்பிக் கேக்கறாங்கக்கா" என்றான் கௌதம். "தீயும் அவங்களே மிதிக்கறாங்களாம்."

நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"குடுக்க மாட்டன்னு சொல்லு. அந்த மாரியம்மாகிட்ட எனக்கு ஆறு வருஷத்துப் பேச்சு பாக்கி இருக்குது."