வறுவல் சட்டியும் உபால்தோவின் ஆர்கனும்

உபால்தோவின் மின்சார ஆர்கனில் சுருதி திருத்த ஒரு திருகுகூடக் கிடையாது. அது சுருதி இறங்கவே முடியாத வாத்தியம். ஆனால் ஒரு சனிக்கிழமை, இருபது வருஷம் கழித்து நாங்கள் மறுபடி சேர்ந்து வாசித்த முதல் கச்சேரியில், கிளப் மைதானத்தில் ஊரே கேட்க அது இறங்கியது.

தார்தோவின் கிடாரும் என் பேஸ் கிடாரும் சுருதியில் நின்றன. ஆர்கன் மட்டும் வழுக்கியது; கொஞ்ச நேரத்தில் தானாகவே ஏறிக்கொண்டது. பிறகு தார்தோவின் கராஜில் வைத்துத் திறந்து பார்த்தோம். ஒரு குறையும் இல்லை.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. வாசிச்ச ஆளுதான் பழசாயிட்டான்," என்றான் தார்தோ. எங்கள் குழுவில் கிடாரும் பாட்டும் அவன், வாயும் அவனே.

"விரல் தப்பினா வேற சுரம் விழும்டா. சுரமே எப்படிடா இறங்கும்?" என்றான் உபால்தோ.

"அத நீதான் சொல்லணும்."

உபால்தோ ஆர்கன் மூடியைச் சாத்தினான். "வர்ற சனிக்கிழமைக் கச்சேரிக்கு நான் வரல. இத சர்ச்சுக்குக் குடுத்துடறேன். அங்க யாரும் கத்த மாட்டாங்க."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்களுடையது புரோகிரசிவ் ராக். ஒரு பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். அந்த நீளத்தைத் தாங்குவது ஆர்கன்தான். அவன் இல்லையென்றால் 'மண் கடிகாரம்' என்ற குழுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து சுல்மா உள்ளே வந்தாள். மூலை மருந்துக்கடைக்காரி, பள்ளி நாளிலிருந்து எங்கள் ரசிகை. ஒரு கையில் கேசட், மறு கையில் பேனா.

"மூணு பேரும் இந்த அட்டையில ஒரு கையெழுத்துப் போடுங்கப்பா. உங்க டிரம்மர் நேத்தே போட்டுட்டாரு."

தார்தோ அட்டையைப் பார்த்தான். "நாங்க எதுவும் வெளியிடலையே?"

"நீங்க வெளியிடல. நான் வெளியிட்டேன். மாத்தே டீ கொண்டுபோற பைக்குள்ள ரெக்கார்டர் இருந்துச்சு."

"பதிவு பண்ணக்கூடாதுன்னு வாசல்லயே எழுதி ஒட்டியிருந்தேன்! திருட்டுக் கேசட்டுக்குக் கையெழுத்து வேற கேக்குதா உனக்கு?"

"எழுதி ஒட்டினா ஆச்சா? பையத் திறந்து பாத்திருக்கணும். பாத்திருந்தா உனக்கும் ஒரு வாய் மாத்தே குடுத்திருப்பேன்."

உபால்தோ கேசட்டை வாங்கி டேப்பில் போட்டான். "என் மானம் போனத நானும் ஒருதடவ கேக்கறேன்."

மேடையின் ஒலி மிக்சர் பெட்டியிலிருந்து நேராக எடுத்த சுத்தமான பதிவு எங்களிடமே இருந்தது. ஆனால் அதில் வாத்தியங்களும் தார்தோவின் குரலும் மட்டும்தான். சுல்மாவின் கேசட்டில் கூட்டமே உட்கார்ந்திருந்தது: அவள் மாத்தே உறிஞ்சுவது, யாரோ இருமுவது, பின்னால் தொத்திறைச்சி சுட்டு ரொட்டியில் வைத்து விற்கும் சோரிபான் கடைக்காரனின் குரல்.

"வறுவல் போடறேன்! சூடா வறுவல்!"

ஆர்கன் இறங்கியது.

"உன் பேட்டரி செத்துருக்கும். டேப் மெதுவா ஓடியிருக்கு," என்றான் தார்தோ.

"டேப் மெதுவா ஓடினா உன் கிடாரும் சேர்ந்து இறங்கணுமேடா," என்றேன்.

கிடார் இறங்கவில்லை. கடைக்காரன் மறுபடி கூவினான். ஆர்கன் மறுபடி இறங்கியது. அடுத்த தடவை குரல் கேட்டதுமே உபால்தோ கையைத் தூக்கினான். அவன் கை கீழே வரவும் ஆர்கன் சறுக்கவும் சரியாக இருந்தது.

"சுல்மா, அந்த ஆளு எதுல வறுக்கறான்?"

"கறிக்குக் கரியடுப்பு. உருளைக்கிழங்குக்குக் கரண்ட் சட்டி. மேடைக்குப் பின்னால நின்ன ஜெனரேட்டர்லேருந்து வயர் இழுத்திருந்தான். யாராவது கேட்டாத்தான் சுவிட்சப் போடுவான், கஞ்சப்பய."

உபால்தோ சிரிக்க ஆரம்பித்தான். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த ஆர்கனுக்குள் வரிசையாகப் பல்சக்கரங்கள், ஒவ்வொன்றும் ஒரு காந்தத்தின் முன்னால் சுழல்கின்றன. பற்கள் எவ்வளவு வேகமாகக் கடக்கின்றனவோ, சுரம் அவ்வளவு உயரம். அவற்றைச் சுற்றும் மோட்டார், மின்சாரத்தின் துடிப்புக்கு அடி பிசகாமல் ஓடும். தெரு மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கிறது. எங்கள் ஊர் முழுக்க வறுவல் போட்டாலும் அது அசையாது. வாடகை ஜெனரேட்டர் அப்படியல்ல. சுமை ஏறினால் எஞ்சினின் வேகம் குறையும், கூடவே துடிப்பும் குறையும். சக்கரங்கள் தளர்ந்து சுரம் இறங்கும். கிடாரின் சுருதியோ கம்பியின் இறுக்கத்தில் இருக்கிறது. யார் எதை வறுத்தாலும் அதற்கு ஒன்றுமில்லை.

தார்தோ சுல்மாவின் கையிலிருந்து பேனாவை வாங்கினான். அட்டையில் எழுதினான்: 'ஆர்கன்: உபால்தோ. ஆர்கனைக் கெடுத்தது: உருளைக்கிழங்கு.' கீழே கையெழுத்துப் போட்டான்.

"சரி, சனிக்கிழமை வறுவலே கூடாதுன்னு சொல்லிடுவோம்," என்றான்.

"ஐயோ வேணாம்பா, பாதிப் பேரு அதுக்குத்தான் வந்தாங்க," என்றாள் சுல்மா.

மேடை முழுவதையும் கிளப்பின் மின்இணைப்பு தாங்காது, அதனால்தான் ஜெனரேட்டர். ஆனால் ஆர்கனுக்குச் சில பல்புகள் எரியும் அளவு மின்சாரம் போதும். அடுத்த சனிக்கிழமை கிளப் மதுக்கூடத்துச் சுவரிலிருந்து ஒரு நீள வயர் இழுத்து, ஆர்கனை மட்டும் தெரு மின்சாரத்தில் செருகினோம். மற்றதெல்லாம் ஜெனரேட்டரிலேயே ஓடியது, வறுவல் சட்டி உட்பட. உபால்தோ கடைசிப் பாட்டுவரை வாசித்தான். ஆர்கன் ஒருமுறைகூட இறங்கவில்லை.