கை நீட்டினால்தான் நிற்கும்

என் அக்கா வாழ்க்கையில் முதன்முதலாக நிறுத்திய பஸ் நான்தான். மாட்டுக் கொட்டகைக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவே, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு ஓடிய பஸ். சும்மா சொல்லக் கூடாது, என்னை நிறுத்துவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நான் வாயாடி. ஊரே அப்படித்தான் சொல்லும், நானும் மறுத்துப் பேசியதில்லை. அக்காவுக்கு ஊர் வைத்திருந்த பெயர் பூனை. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அப்பாவுக்கு மாவு மில்லில் வேலை. சாயங்காலம் அக்காதான் அவருக்கு டீ கொண்டுபோவாள். மில் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினால்தான் உள்ளே இருப்பவர் காதில் விழும். இவள் எங்கே கத்துவது? தூக்குப்பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, அப்பா தானாகத் திரும்பிப் பார்க்கும்வரை மில் வாசலிலேயே நிற்பாள். அதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிடும். அப்பா ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பார். டீ என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார், பாவம்.

பெரிய வகுப்பு படிக்க வேண்டுமானால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் டவுனுக்குத்தான் பஸ் ஏற வேண்டும். முன்பெல்லாம் ஐந்தாறு பெண்கள் போனார்கள். ஒவ்வொருத்தியாகப் படிப்பை நிறுத்தி, கடைசியில் பத்தாம் வகுப்புக்கு மிஞ்சியது அக்காவும் தச்சர் மகளும்தான். பஸ் நிற்கிற இடம் மாவு மில்லை ஒட்டி. எதிரே டீக்கடை பெஞ்சில் காலையிலேயே ஊர் ஆண்கள் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் கண்ணில் படக் கூடாதென்று இவர்கள் இரண்டு பேரும் மில் சுவருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பார்கள். அப்பாவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை.

"எம் பொண்ணு நிக்கிற எடமே தெரியாது" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார்.

நிற்கிற இடம் தெரியாததால் வந்த வினைதான் இந்தக் கதை.

அந்த பஸ்ஸை ஓட்டுபவர் மீசை டிரைவர். மீசைக்கு ஏற்ற பிடிவாதம். "கை நீட்டுனா ஆளு, நீட்டலைன்னா மரம்" என்பது அவருடைய சட்டம். அதுவரைக்கும் எங்கள் ஊர்க் காய்க்காரர் தினமும் கூடையோடு நின்று கை நீட்டுவார். பஸ் நிற்கும். அவர் கூடையை ஏற்றுகிற சந்தடியில் அக்காவும் தச்சர் மகளும் சுவருக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து தொற்றிக்கொள்வார்கள். பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டார்கள், ஒரு நாள்கூட அவர்கள் கை நீட்டியதில்லை. கை நீட்ட வேண்டும் என்பதே அவர்களுக்குத் தோன்றியதில்லை. காய்க்காரர் என்று ஒருவர் இருப்பார், பஸ் நிற்கும். அவ்வளவுதான்.

காய்க்காரர் சொந்தமாக லோடு ஆட்டோ வாங்கினார். விடியும் முன்பே வேறு வழியில் சந்தைக்குப் போக ஆரம்பித்தார். ஊரே அவரை வாழ்த்தியது. பஸ் மட்டும் சர்ரென்று போய்விட்டது.

அப்பா இரண்டு நாள் மில்லை விட்டு வெளியே வந்து கை நீட்டிப் பார்த்தார். ஓடுகிற மில்லைப் போட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும்? தானியம் தீர்ந்து, கல்லும் கல்லும் உரசி, யாரோ கொடுத்த கோதுமையின் மாவு கருகிப்போனது. முதலாளி கிழி கிழி என்று கிழித்தார். அம்மா அந்த நேரத்துக்கு வயல் வேலைக்குப் போயிருப்பாள். டீக்கடைப் பெஞ்சைக் கேட்கலாம். ஆனால் பேச்சு மும்முரத்தில் அவர்களுக்கு பஸ் போன பிறகுதான் பஸ் ஞாபகம் வரும்.

"நான் நிறுத்துறேன்" என்று ஒரு நாள் நானே கிளம்பினேன். அப்போது நான் அஞ்சாம் வகுப்பு. வயதுக்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்லாத பிறவி. ரோட்டோரம் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். மீசை டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், டாட்டா காட்டினார், போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மீசை கையில் கிடைத்திருந்தால் கதை வேறு.

யாராவது இறங்குவதற்காக பஸ் நின்ற நாளில் மட்டும் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார்கள், மற்ற நாளெல்லாம் வீட்டில்தான். அவர்களின் வகுப்பு டீச்சர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இருவருக்குமே வருகை குறைவு, அதிலும் பூனைக்கு மோசம், இன்னும் ஒரு நாள் வராவிட்டால் அவள் பரீட்சை எழுத முடியாது.

"அதெப்படி? ரெண்டு பேரும் ஒரே பஸ்லதானே போய்ட்டு வந்தீங்க? உனக்கு மட்டும் எப்படிக் கொறைஞ்சுது?" என்று நான் கேட்டேன்.

அக்கா மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டாள். தச்சர் மகள்தான் போட்டு உடைத்தாள். "டீச்சர் பேர் கூப்பிடும்போது இவ 'உள்ளேன் டீச்சர்'னு சொல்றது பக்கத்துல உக்காந்திருக்கற எனக்கே கேக்காது. டீச்சர் நிமிந்துகூட பாக்காம வரலைன்னு போட்ருவாங்க."

"நீ எழுந்து சொல்லக் கூடாதா?" என்று அக்கா பக்கம் திரும்பினேன்.

"எப்படிடி சொல்றது?" என்றாள் அக்கா. அதையும் மாட்டுக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் சலித்துப்போயிருந்தார். "பஸ்ஸே நிக்க மாட்டேங்குது, நான் என்ன பண்றது? பரீட்சை எழுத முடியலைன்னா விட்டுடு. மில்லுல மாவு சலிக்க ஆள் கேக்கறாங்க" என்றார். அக்கா சரியென்று தலையை ஆட்டினாள். அன்று பூராவும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்குப் படிப்பு என்றால் உயிர். அவளை அப்படிப் பார்ப்பதற்கு, அவள் அழுதால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அதனால்தான் நான் பஸ் ஆனேன்.

"நான் வர்றேன். நீ கை நீட்டு. நீட்டுனா நிப்பேன், இல்லைன்னா போய்ட்டே இருப்பேன். தங்கச்சியாச்சேன்னு எல்லாம் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்தேன். தச்சர் மகள் துவைக்கும் கல்லில் உட்கார்ந்து பெஞ்சு ஆண்களாக நடித்தாள். இருமினாள், காறினாள், நன்றாகவே நடித்தாள்.

முதல் தடவை அக்காவின் கை இடுப்புவரைகூட வரவில்லை. "இது பஸ்ஸ நிறுத்தற கையா, மழை வருதான்னு பாக்கற கையா?" என்று கேட்டுக்கொண்டே ஓடிப்போனேன். அடுத்த தடவை கை வந்தது, முகம் திரும்பிக்கொண்டது. அதற்கும் நிற்கவில்லை. அப்புறம் கையும் முகமும் ஒழுங்காக வந்தன, பஸ் தாண்டிப் போன பிறகு. நான் சுற்றிச் சுற்றி வந்தேன். நாக்கு தள்ளியது. மாடுகூட எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது.

"முடியாதுடி என்னால" என்றாள்.

"அப்போ போய் மாவு சலி" என்று சொல்லிவிட்டு ஹாரன் அடித்தேன். சொன்ன உடனே எனக்கே சுருக்கென்றது. ஆனாலும் நிறுத்தாமல் அவளைத் தாண்டி ஓடினேன்.

பின்னாலிருந்து என் ஜடையைப் பிடித்து ஒரு இழுப்பு. "நில்லுடீ!"

தட்டு எகிறிப் போய்க் கொட்டகைத் தகரத்தில் மோதியது. அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "யாரு கத்துனது? யாரு?" என்று எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்காவைக் கடைசியாகத்தான் பார்த்தாள். நானும் தச்சர் மகளும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். ஜடை வலித்தது, அது வேறு விஷயம்.

மறுநாள் காலையில் இருவரும் சுவருக்கு முன்னால் வந்து நின்றார்கள். எதிரே முழு பெஞ்சு. நான் தூரத்தில் நிற்பதாக ஒப்புக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.  பயத்தில் அக்கா ஒரு காரியம் செய்தாள்: சக்கரம் வைத்து எது வந்தாலும் கை நீட்டிவிட்டாள். முதலில் ஒரு டிராக்டர் நின்றது.

"என்னம்மா, எங்க போகணும்?"

"இல்லண்ணா... நீங்க போங்க."

அடுத்து பால் வண்டி நின்றது. பால்காரர் கேனைத் திறக்கவே ஆரம்பித்துவிட்டார். பெஞ்சு வெடித்துச் சிரித்தது. "விட்டா ரயிலையே நிறுத்திடும் போலிருக்கே!" என்றார் ஒருவர். "என்னப்பா, உன் பூனை நடு ரோட்டுக்கு வந்துருச்சு?" என்று இன்னொருவர் மில்லைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். அப்பா புருவமெல்லாம் மாவோடு வாசலுக்கு வந்தார். அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா அவரைப் பார்த்தாள். கை இறங்கிவிட்டது. ஒரு அடி, இன்னொரு அடி, சுவரை நோக்கிப் பின்னால் போக ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து வளைவில் பஸ் வந்தது.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் முதன்முறையாகச் சத்தம் வரவில்லை. பஸ் வந்தது, வேகம் குறையவில்லை. எங்களைத் தாண்டிப் போயே விட்டது. அப்போதுதான் அக்கா ஓடினாள். புத்தகப் பை முதுகில் குதிக்க, ரோட்டு நடுவில் நின்று, கையை வானத்துக்குத் தூக்கி, "நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்றது. மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. தூரத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ் நின்றது. மீசை டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"காது கிழியுதும்மா! வழக்கமா ஏறுற ஆளா நீ? இங்க யாரையும் பாத்ததில்லையே?"

நான் மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அக்கா படியில் கால் வைத்துவிட்டாள். "தெனமும் இங்கதான் நிக்கறோம். நாளைக்கும் நிப்போம். கண்டிப்பா நிறுத்தணும்" என்றாள்.  ஒவ்வொரு வார்த்தையும் பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்டது.

"கை நீட்டுனா நிறுத்த மாட்டேன்னு யாரு சொன்னா?" என்று முனகிவிட்டு மீசை கியரைப் போட்டார். தச்சர் மகளும் தாவி ஏறினாள். பஸ் போய்விட்டது.

நான் திரும்பி வந்தபோது பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார். "என்னப்பா, நிக்கிற எடமே தெரியாதுன்னு சொல்லுவியே?"

அப்பா பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மில் உள்ளே வெறும் கல்லை அரைத்துக்கொண்டிருந்தது. "தெரியாம நின்னா பஸ் எப்படிய்யா நிக்கும்?" என்று எரிந்து விழுந்துவிட்டு உள்ளே ஓடினார்.

பள்ளிக்கூடத்தில் நடந்தது சாயங்காலம் தச்சர் மகள் சொல்லித்தான் தெரியும். பேர் கூப்பிட்டபோது அக்கா எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்றாளாம். டீச்சர் கையிலிருந்த பேனா விழுந்துவிட்டதாம். பக்கத்து வகுப்பு சார் என்ன ஏது என்று எட்டிப்பார்த்தாராம். அதோடு விட்டாளா? "நான் வந்த நாளையும் வரலைன்னு போட்டிருக்கீங்க டீச்சர். என் குரல் உங்களுக்குக் கேக்கல. வந்த நாளுக்கு இவளே சாட்சி" என்று நின்றுகொண்டே சொன்னாளாம். டீச்சர் தச்சர் மகளை விசாரித்து, அந்த நாள்களில் அக்கா எழுதிய வகுப்புத் தேர்வுகளைத் தேடி எடுத்துப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

"பரீட்சை?" என்றேன்.

"எழுதறேன்" என்றாள் அக்கா. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் என் ஜடையைத் தடவிக் கொடுத்தாள்.

அப்புறம் வழக்கம்போல டீ எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடவே போனேன். மில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு மாவு அள்ளிக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் நின்றாள். ஒரு நிமிஷம் பழைய பூனை ஆகிவிடுவாளோ என்று எனக்குப் பக்கென்றது.

"அப்பா! டீ!"

அப்பா திரும்பினார். மில் ஓடும்போது அவள் கூப்பிட்டு அவர் திரும்பியது அதுதான் முதல் தடவை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து பாத்திரத்தை வாங்கினார், பழக்கதோஷத்தில் ஒரே மடக்காகக் கவிழ்த்தார், "ஆ!" என்று அலறினார்.

"சுடுதா?" என்று கத்திக் கேட்டாள் அக்கா.

"பரவால்லம்மா" என்று அப்பாவும் கத்தினார். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. சூட்டினால் என்றுதான் சொல்வார். மில்லை நிறுத்திவிட்டு வந்து, வாசல்படியில் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து, மீதி டீயை ஊதி ஊதிக் குடித்தார்.