இரண்டு பெட்டிக்கு ஒரே முகவரி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். காரைக்குடியில் முப்பது வருஷமாக மைக்செட் தொழில் நடத்துகிறேன். ஈஸ்வரன் என்றால் சத்தம் போடுகிறவன் என்றுதான் ஊரில் பேச்சு. கூலிக்கு வருகிறவன், ஜெனரேட்டர்காரன், மாப்பிள்ளை வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் ஒரு வாங்கு வாங்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். அப்படிப்பட்டவனை, போன ஆவணியில், இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி ஒரே வார்த்தையில் உட்கார வைத்தாள். வெட்கப்பட்டுக்கொண்டு இதைச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன்.

நெற்குப்பையில் காசிவிஸ்வநாதன் செட்டியாருக்குச் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். மனிதர் ஒரு காலத்தில் எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் அந்தக் கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. பேச்சு போகவில்லை, ஆனால் இரண்டடி தள்ளி நின்றால் கேட்காது. அன்றிலிருந்து அவர் மனைவி நாகம்மை ஆச்சி பக்கத்தில் நின்று, அவர் வாயருகே காதைக் கொடுத்து, கேட்டதைச் சத்தமாக மற்றவர்களுக்குச் சொல்வார். பங்காளிகள் பேச்சுவார்த்தை, பெண் பார்க்கப் போவது, போனில் நலம் விசாரிப்பது எல்லாமே அப்படித்தான். ஒரே ஒரு கல்யாணத்தில் மட்டும் அவர் தானே மைக்கை வாங்கிப் பேசப் பார்த்தார். மைக்செட்காரன் அவருக்காகச் சத்தத்தை ஏற்ற, ஸ்பீக்கர் வீலென்று ஊளையிட்டது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. யாரோ சிரித்தார்கள். மைக்கை வைத்தவர் பிறகு தொடவே இல்லை.

தை மாசம் இருவரும் என் கடைக்கு வந்தார்கள்.

"சாந்தியன்னைக்கு வந்தவுகளுக்கு அவுகளே நாலு வார்த்தை சொல்லணும்னு ஆசைப்படுறாக. உங்களால முடியுமா ஈஸ்வரன்?" என்றார் ஆச்சி.

"அதுக்கென்ன ஆச்சி, ஜமாய்ச்சிருவோம்" என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போகும். அவர்கள் போனபிறகுதான் அந்த வீட்டை நினைத்துப் பார்த்தேன். அந்த வீட்டு வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த நடு முற்றத்தில், கைதட்டினால் சத்தம் கல்தூணிலும் பளபளக்கிற சுவரிலும் பட்டுச் சுற்றிச் சுற்றி வரும். மெல்லிய குரலைக் கேட்கிற அளவுக்கு ஏற்றினால், ஸ்பீக்கர் சத்தமே திரும்ப மைக்குக்குள் நுழைந்து ஊளையிடும். முப்பது வருஷத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சத்தத்தைக் குறைப்பது. இங்கே அதற்கு வழியில்லை.

அதனால்தான் துர்காதேவியைக் கூப்பிட்டேன். ஒக்கூர்ப் பெண். அப்பா இன்னும் வயலில்தான் நிற்கிறார். காரைக்குடியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, மதுரை முதல் ராமநாதபுரம் வரை மண்டபங்களுக்கும் சர்ச்சுகளுக்கும் பிராசசர் அமைத்துக் கொடுக்கிறாள். பிராசசர் என்பது ஓர் இரும்புப் பெட்டி. மைக்கிலிருந்து வருகிற சத்தத்தைச் சீர்செய்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். நான் வாங்கியதில் திருகுவதற்குக் குமிழ் இல்லை, பார்ப்பதற்குத் திரை இல்லை, நான்கு விளக்குகள் மட்டும் உண்டு. என்ன செய்யவேண்டும் என்பதை லேப்டாப்பில் இருக்கிற சாஃப்ட்வேர் வழியாகத்தான் அதற்குச் சொல்லமுடியும்.

ஒரு மத்தியானம் முழுக்கச் செட்டியாரை நாற்காலியில் உட்கார வைத்துச் செய்தித்தாளைப் படிக்கச் சொன்னாள். அவர் தம் கட்டிக் குரலை உயர்த்தப் பார்த்தார்.

"சிரமப்படாதீகய்யா. நீங்க சாதாரணமாப் பேசுங்க, ஏத்துறது என் வேலை" என்றாள்.

எந்தெந்தச் சுருதியில் ஊளை கிளம்புகிறதோ அவற்றை மட்டும் முடி அளவுக்கு வெட்டினாள். அவர் குரலில் எழுத்து தெளிகிற இடத்தை மட்டும் தூக்கினாள். வெட்டினதும் கேட்பாள், எழுந்து போய்ப் பின்தூணருகில் நின்று கேட்பாள், வந்து மறுபடி வெட்டுவாள். நாலு மணி நேரம் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கடைசியில் அவர் வானிலை அறிக்கையை வாசித்தது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வளவின் மூலை வரை கேட்டது. எத்தனையோ பெரிய சவுண்ட் எஞ்சினியர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதனுடைய குரலுக்காக இப்படி உட்கார்ந்து தவம் செய்தவரைப் பார்த்ததில்லை. அந்த அமைப்பைப் பெட்டிக்குள் நாலாம் நம்பர் இடத்தில் சேமித்துவிட்டுப் போனாள்.

சாந்தியன்று காலை எட்டரை மணிக்குக் கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓடியது. பிராசசர் அணைந்து எழுந்தது. எழுந்ததும் அது ஒன்றாம் நம்பரில் நின்றது, அதாவது வெறும் வயிற்றோடு. நாலாம் நம்பரைக் கொண்டுவரலாமென்று என் லேப்டாப்பில் சாஃப்ட்வேரைத் திறந்தேன். பெட்டியின் பெயர் பச்சையில் வந்தது. அப்பாடா என்று மூச்சுவிடுவதற்குள் சிவப்பானது. மறுபடி பச்சை. மறுபடி சிவப்பு. கேபிளை மாற்றினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். ஜெனரேட்டர்காரனைத் திட்டினேன், இன்டர்நெட் போட்டவன் அங்கே இல்லாவிட்டாலும் அவனையும் திட்டினேன். பதினொரு மணிக்குச் செட்டியார் பேசவேண்டும்.

பெட்டியின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை உண்டு. ஊசியை விட்டு அமுக்கினால் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குப் போய்விடும். ஊசி என் கையில் இருந்தது. அப்போதுதான் துர்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், ஊசி உட்பட.

"அண்ணே, ஊசியைக் கீழ வைங்க" என்றாள். "அமுக்கினீகன்னா நாலாம் நம்பரும் சேர்ந்து போயிரும். எதையும் தொடாம கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. வண்டியை எடுத்துட்டேன்."

உட்கார்ந்தேன்.

ஒன்பதே முக்காலுக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். வளவில் இருநூறு பேர், நாயனம், ஹோமப் புகை. ஓரமாக இருந்த என் மேசையில் தன் லேப்டாப்பை வைத்துக் கேபிளைச் செருகினாள்.

"நான் வந்துட்டுப் போனதுக்கப்புறம் எதுவும் மாத்துனீகளாண்ணே?"

"ஒண்ணையும் தொடலை" என்றேன், வீறாப்பாக. அந்த நேரத்தில் அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அவள் வேலை செய்த விதத்தைச் சொல்லவேண்டும். நானாக இருந்தால் நாலு காரியத்தை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, எதனால் சரியானது என்று தெரியாமல் சாமிக்கு நன்றி சொல்வேன். அவள் ஒன்றை மாற்றுவாள், பார்ப்பாள், பலனில்லையென்றால் இருந்தபடியே திருப்பி வைப்பாள். அதற்குப் பிறகுதான் அடுத்தது. லேப்டாப்பின் வைஃபையை அணைத்தாள், கேபிள் வழியாக மட்டும் தேடட்டும் என்று. பச்சை, சிவப்பு. பிராசசர் பக்கத்துக் கேபிளை மாற்றினாள். பச்சை, சிவப்பு. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, ஏதோ ஒரு வரியை அடித்து, எண்களைப் படித்தாள். சற்றுப் பொறுத்து அதே வரியை மறுபடி அடித்தாள்.

"அண்ணே, இங்குட்டு வாங்க" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நெட்வொர்க்குல ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முகவரி இருக்கும், நம்ம வீட்டுக் கதவு எண் மாதிரி. அதை நாமதான் போடுறோம். அதுபோக, கம்பெனியிலயே பதிச்சு அனுப்புற நம்பர் ஒண்ணு இருக்கு, அது ஆளு மாதிரி, மாறாது. இப்ப பாருங்க. நான் ஒரே கதவைத்தான் தட்டுறேன். மொதல்ல ஒரு ஆள் வந்தாக. ரெண்டாவது தட்டுனா வேற ஆள் வாராக. இதே பெட்டி இன்னொண்ணு இந்த வீட்டுல இருக்கா?"

நான் பந்திப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

இருந்தது. அந்த வீடு இரண்டு பங்காளிகளுக்குப் பொது. வளவு காசிவிஸ்வநாதன் செட்டியார் பங்கு, அதன் பின்னால் பந்தி நடக்கிற இரண்டாம் கட்டு அவர் பெரியப்பா மகன் வெங்கட்ராமன் பங்கு. இந்தப் பக்கம் ஒரு மின்விசிறி மாட்டினால் அந்தப் பக்கமும் அதே மின்விசிறி, அதே நிறத்தில் மாட்டவேண்டும். சண்டையெல்லாம் கிடையாது, அது அவர்கள் வீட்டு மரியாதை. சாந்திக்கு மூன்று நாள் இருக்கும்போது வெங்கட்ராமன் சென்னையிலிருந்து போன் செய்தார். "காசி கட்டுல என்ன வச்சிருக்கீகளோ அதே என் கட்டுலயும் வைங்க. ஒரு நட்டுகூட மாறக் கூடாது" என்றார். நானும் அதே பெட்டியை வாங்கி, முதல் பெட்டியில் இருந்ததை மொத்தமாக நகலெடுத்து இரண்டாவதில் ஊற்றினேன். பங்காளிக்குப் பங்கு அச்சு அசலாக இருக்கவேண்டும் என்று, கதவு எண்ணையும் சேர்த்து ஊற்றிவிட்டேன். இரண்டையும் ஒரே இணைப்பில் செருகிவிட்டு, லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டி, வெங்கட்ராமன் முதல் நாள் வந்து திறந்துவிட்ட அறைக்குள் பூட்டிக் கிடந்தது. சாவியோடு வெளியே போனவர் மத்தியானம்தான் திரும்புவதாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். துர்காவைக் கூப்பிடாமல் நானே செய்துவிடலாம் என்று நினைத்த மிதப்பையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இடத்தில் நான் இருந்தால் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"சரி. அந்தப் பெட்டியோட கேபிள் எங்குட்டு வந்து சேருது?" என்றாள்.

முகப்பில் எல்லாக் கேபிளும் கூடுகிற சின்ன இணைப்புப் பெட்டிக்குக் கூட்டிப்போனேன். சாம்பல் நிறத்தில் ஆறு கேபிள்கள், ஒன்றிலும் பெயர் எழுதவில்லை. முதல் பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த கம்பெனி எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு வந்து, ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி, லேப்டாப்பில் பார்த்து, செருகி, அடுத்ததைப் பிடுங்கினாள். நாலாவது கேபிளைப் பிடுங்கியதும் முதல் பெட்டி மட்டும் பதில் சொன்னது. பெயர் பச்சையில் வந்து, பச்சையாகவே நின்றது.

"அந்தக் கட்டுல சத்தம் நின்னு போகாதா?" என்று கேட்டேன்.

"சத்தம் வேற கம்பியில போகுதுண்ணே. இது பேச்சுவார்த்தைக்கு மட்டும்."

அப்போது சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேட்டது. லேப்டாப்பில் இருப்பதைப் பெட்டிக்கு அனுப்பவா, பெட்டியில் இருப்பதை லேப்டாப்புக்கு எடுக்கவா என்று. மேலே இருந்த பொத்தானைக் காட்டி, "அதை அமுக்கும்மா, மணி பத்தரை" என்றேன்.

அவள் மவுஸிலிருந்தே கையை எடுத்துவிட்டாள். "அது அனுப்புறதுண்ணே. இப்ப இங்க திறந்திருக்கிறது வெறும் ஃபைல். இதை அனுப்பினா ஐயாவோட நாலாம் நம்பர் அழிஞ்சிரும்" என்று சொல்லி, இரண்டு தரம் படித்துவிட்டு, கீழே இருந்ததை அமுக்கினாள். அவசரத்திலும் ஒரு வரியை இரண்டு தரம் படிக்கிறவளைப் பார்த்து எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

நாலாம் நம்பர் வந்தது. மைக்கை வாங்கி, கத்தாமல், செட்டியார் பேசுகிற அளவுக்கே மெல்லப் பேசிப் பார்த்தாள். இன்றைக்கு ஆட்கள் நிறைந்திருந்ததால் சத்தம் கொஞ்சம் அமுங்கியது. அரைக்கால் அளவு ஏற்றினாள். ஓரிடத்தில் மட்டும் லேசாக ஊளை தலைகாட்டியது. அதை வெட்டினாள்.

பத்து ஐம்பதுக்கு ஆச்சி வந்தார். முகத்தில் கலவரம். "பேசலாமாங்கிறாக. ஏதும் கோளாறா?"

"கரண்ட் போய் வந்ததுல கொஞ்சம் தடுமாறிருச்சு ஆச்சி. சரியாயிருச்சு" என்றாள் துர்கா. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"இல்ல ஆச்சி. தப்பு என்னுது. இந்தப் புள்ளைதான் சரிபண்ணுச்சு" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டு ஜெனரேட்டர்காரன் திரும்பிப் பார்த்தான்.

செட்டியார் மாலையோடு எழுந்து மைக்குக்கு வந்தார். பழக்க தோஷத்தில் ஆச்சியும் கூடவே வந்து, அவர் தோளுக்குப் பக்கத்தில் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். கூட்டமும் ஆச்சியின் முகத்தைத்தான் பார்த்தது. துர்கா லேப்டாப்பில் விரலை வைத்தபடி அவர் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் வாங்க" என்றார்.

கடைசித் தூண்வரை கேட்டது. கரகரத்த, மெல்லிய, ஆனால் அவருடைய குரல். பந்திப் பக்கமிருந்துகூட ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆச்சி தன்னை மறந்து, "எல்லாரும் வாங்கன்னு சொல்றாக" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். கூட்டம் சிரித்தது. நான் பயந்துவிட்டேன், அந்தப் பழைய சிரிப்பு அவருக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று.

செட்டியார் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தார். அது அவருக்குப் பழைய காலத்திலேயே கைவந்த வித்தை. பிறகு ஆச்சி பக்கம் திரும்பி, மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

"நாகம்மை, ரெண்டு வருஷமா எனக்கும் சேர்த்து நீ பேசிட்ட. போயி உக்காந்து கேளு."

யாரும் சிரிக்கவில்லை. ஆச்சி நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண் மறைத்தது. செட்டியார் வந்தவர்களைப் பெயர் பெயராகச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார், ஒருவரையும் விடவில்லை, இருபது நிமிஷம் பேசினார்.