ஆறாகத் தெரிந்த எட்டு

கால்குலேட்டரை மேசைமேல் வைத்தால் ஆறு, கையில் எடுத்துத் திரையின் ஓரத்தில் கட்டைவிரல் அழுந்தினால் எட்டு, எட்டின் வலத்தோளில் இருக்க வேண்டிய சின்னக் கறுப்புக் கோடு விரல் பட்டால் வருகிறது, எடுத்தால் போய்விடுகிறது, நான் அதையே செய்துகொண்டிருக்கிறேன், திருப்பூரில் எங்கள் சாயப்பட்டறையின் ஆய்வறை, விசிறி சுற்றியும் வேர்க்கிறது, மூலை மேசையில் கோகிலவாணி உட்கார்ந்து சாயப்பொடி அளவுச் சீட்டு எழுதுகிறாள், இல்லை, அவள் வேலையை விட்டுப் போய் நான்கு மாதமாகிறது.

அவள் கால்குலேட்டரை எப்போதும் மேசைமேல் வைத்துத் தட்டுவாள், நான் கையில் பிடித்துத் தட்டுவேன், இதை அன்று யார் கவனித்தார்கள், ஐம்பத்தெட்டுக் கிலோ துணிக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு கிராம் சிவப்புப் பொடி, அவள் அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தாள், துணி வெளிறி வந்தது, நான் அதே கணக்கை அதே கருவியில் போட்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன், பாரு, எட்டுதானே, அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், நான் பாத்துத்தானுங்க்கா எழுதுனேன், ஆறுன்னுதான் இருந்துச்சுங்க, மெஷின் உனக்கொண்ணு எனக்கொண்ணு காட்டுமா கோகிலா என்று கேட்டேன்.

அடுத்த மாதமும் ஒரு துணி வெளிறியது, அதற்குள் அவள் கணவன் எங்களுக்குப் போட்டியான பட்டறையில் சேர்ந்திருந்தான், அதன்பிறகு அவள் செய்ததெல்லாம் எனக்கு வேறாகத் தெரிந்தது, போன் வந்தால் வெளியே போய்ப் பேசுகிறாள், நான் உள்ளே வந்தால் சீட்டைக் கவிழ்த்து வைக்கிறாள், உண்மையில் கவிழ்த்தாளா, அல்லது அது பிறகு நான் கண்ட கனவா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை, மூன்றாவது துணியும் வெளிறியதும் மேலாளர் தங்கமுத்துவிடம் போனேன், அவ வேணும்னே பண்றாளுங்க சார், அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அன்று மாலையே அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அழாமல் போனாள், அழாததையும் சந்தேகப்பட்டேன்.

இன்று பூஜ்யமே உடைந்து தெரிந்ததால்தான் கருவியைக் கவனித்தேன், பின்னால் நான்கு திருகுகள், கழற்றினால் திரைக்கும் சர்க்யூட் பலகைக்கும் நடுவே மின்சாரம் கடத்தும் மெல்லிய ரப்பர் பட்டை, ஒரு முனையில் சிவப்புச் சாயப்பொடி அப்பியிருக்கிறது, அது பலகையில் சரியாகப் படியவில்லை, ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறேன், பலகையின் செம்புக் கோடுகளைப் பென்சில் அழிப்பானால் தேய்க்கிறேன், பட்டை இறுகப் படிய ஒரு துண்டுக் காகிதத்தை மடித்துச் செருகி மூடுகிறேன், மேசைமேல் வைத்து, தொடாமல் பார்க்கிறேன், எட்டு, எட்டாகவே நிற்கிறது.

மறுநாள் காலை அவள் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், அவள் உள்ளே கூப்பிடவில்லை, இப்ப எதுக்குங்க்கா வந்தீங்க, வேற யாராச்சும் கண்டுபிடிச்சுட்டாங்களா என்றாள், இல்லை, நான்தான் என்றேன், அவள் நம்பினாளா தெரியவில்லை, எனக்கு அந்த வேலை வேண்டாமுங்க, எங்கிட்டச் சொன்னத அங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, அது போதும், கதவு சாத்தப்பட்டது.

சொன்னேன், தங்கமுத்துவும் ஆய்வறையில் இருந்தவர்களும் நிற்கும்போதே சொன்னேன், தங்கமுத்து என்னை மேலும் கீழும் பார்த்து, அப்ப இத்தன நாளா உங்க கையில என்னென்ன மாறுச்சோ என்றார், அன்றிலிருந்து நான் நிறுத்து வைக்கும் ஒவ்வொரு பொடியையும் இன்னொருவர் எடுத்துப் போய் மறுபடி நிறுக்கிறார், என் முதுகுக்குப் பின்னால் தராசுத் தட்டு ஆடும் சத்தம் கேட்கிறது, நான் திரும்பிப் பார்ப்பதில்லை.