ஒற்றைக் கைக்கு ஐந்து கத்திகள்

இவருடைய பேன்ட்டின் வலது பாக்கெட் ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாகக் கிழிந்திருந்தது. திரைச்சீலை தைக்கும் கடையில் பதினொரு வருஷமாக மெஷின் மிதிக்கிறவள் நான். துணி எதனால் கிழிந்தது என்று கிழிசலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆணியில் மாட்டினால் ஒரு மாதிரி, சாவிக்கொத்து உரசி நைந்தால் வேறு மாதிரி. இது இரண்டும் இல்லை. பாக்கெட் வாயின் பின்மூலையில், ஒரே இடத்தில், கொக்கி மாதிரி ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப மாட்டி வெடுக்கென்று இழுத்திருந்தது. "அப்படி என்னத்தங்க உள்ள போட்டு இழுக்கறீங்க?" என்று கேட்டேன். "கையைத்தான். மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதானே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு, இரட்டைத் துணி கொடுத்துத் தைத்து வைத்தேன்.

இவருக்கு இடது கை மணிக்கட்டோடு போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அட்டைப்பெட்டி ஃபேக்டரியில், அட்டை வெட்டும் பிரஸ்ஸில் பத்தொன்பது வருஷம் நின்றவர். அந்த மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பி மறைப்பு உண்டு. அது கீழே இறங்கினால்தான் வெட்டும் பலகை இறங்கும். கை உள்ளே இருக்க வழியே இல்லை. அன்றைக்கு அந்த மறைப்பைக் கழற்றிச் சுவரோரமாகச் சாய்த்துவிட்டு, அது இறங்கிவிட்டதாக மெஷினை ஏமாற்ற சுவிட்சில் ஒரு கட்டையைச் செருகியிருந்தார்கள். மறைப்பு இல்லாவிட்டால் மெஷின் வேகமாக ஓடும். யார் கழற்றச் சொன்னது என்று ஃபேக்டரியில் எல்லாருக்கும் தெரியும். எந்தக் காகிதத்திலும் அது இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் மாத்திரை அட்டை, பால் பாக்கெட், பார்சல் எல்லாவற்றையும் பல்லால்தான் பிரிப்பார். வீட்டில் பழைய மடக்குக் கத்தி ஒன்று இருந்தது. அலகில் உள்ள பள்ளத்தில் நகத்தை வைத்து இழுக்க வேண்டும். அதற்கு இரண்டு கை வேண்டும். ஒருநாள் அதன் பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு திறக்கப் பார்த்து உதட்டைக் கிழித்துக்கொண்டார். அன்றைக்கு நானேதான் இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் அலகின் அடியில் சின்னக் குமிழ் வைத்த கத்தி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தள்ளிக் காட்டினார். அழகாக விரிந்தது. வாங்கி வந்தேன். பிற்பாடு நடந்ததையெல்லாம் நினைக்கும்போது, முதல் கத்தியை வாங்கிக் கொடுத்தவள் நான்தான் என்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

பிறகு இவரே போக ஆரம்பித்தார். இரண்டாவது கத்தியில் குமிழுக்குப் பதில் அலகிலேயே ஒரு வட்ட ஓட்டை. ஈரக் கையிலும் விரல் வழுக்காது, ஓட்டைக்குள் சதை பதிந்துகொள்ளும் என்றார். மூன்றாவதில் பிடியின் முதுகுப்பக்கம் ஒரு சின்னத் துருத்தல். ஆள்காட்டி விரலால் அதை அழுத்தினால் போதும், அலகு சுழன்று வந்து நிற்கும். நான்காவது பொத்தான் கத்தி, உள்ளே ஸ்பிரிங். "இதுல நம்ம வேலையே இல்ல, எல்லாம் ஸ்பிரிங் பாத்துக்கும். எனக்குப் பிடிக்கல" என்று ஓரமாக வைத்துவிட்டார். "வீட்ல கத்திக் கண்காட்சி வெச்சு டிக்கெட் போட்டுடலாமா?" என்று கேலி செய்தேன். புது ஃபோன் வாங்கி நோண்டுகிறவர்கள் இல்லையா, அந்த மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். பகலெல்லாம் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குச் செய்ய ஏதோ ஒன்று கிடைத்ததே என்றுகூடத் தோன்றியது. சமையலறையில் இருந்தபடியே சத்தத்தை வைத்து எந்தக் கத்தி என்று சொல்லிவிடுவேன். குமிழுக்கு ஒரு சரசரப்பு, ஓட்டைக்கு அதுவும் இல்லை, துருத்தலுக்கு மட்டும் விரல் சொடுக்கியது மாதிரி ஒரு வெடிப்பு.

ஒருநாள் பக்கத்தில் உட்கார வைத்து விளக்கினார். "எல்லாரும் திறக்கறதைப் பத்தியே பேசறான். கடைக்காரனும் அதைத்தான் காட்டறான். மூடறதை எவனும் சொல்ல மாட்டேங்கறான், பாரு." அலகு விரிந்ததும் உள்ளே ஒரு தகடு நகர்ந்து வந்து அதை மடங்காமல் முட்டுக் கொடுத்து நிறுத்துகிறது. ஒரே கையால் மூட வேண்டுமானால் அந்தத் தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் அலகை மடக்க வேண்டும். அந்த ஒரு நொடி, அலகு இறங்குகிற வழியிலேயே கட்டைவிரல் இருக்கும். சரியான நேரத்தில் எடுத்துவிட வேண்டும். "எடுக்கலேன்னா?" என்றேன். இவர் இடது கையை லேசாகத் தூக்கிக் காட்டினார். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை சீட்டி எனக்கு ஃபோன் செய்தார். ஃபேக்டரி சூப்பர்வைசர். மெஷின் தளத்துக்குள் நுழையும் முன்னே விசிலடித்துக்கொண்டே வருவதால் அந்தப் பெயர். நேராக இவருக்குப் பண்ணாமல் கடையில் இருந்த என்னைக் கூப்பிட்டார். கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிற வேலை ஒன்று காலியாக இருக்கிறதாம். இவருக்கே தருவதாக ஆபீசில் ஒத்துக்கொண்டார்களாம். ஒரு காகிதத்தில் மட்டும் கையெழுத்து வேண்டுமாம். "என்ன காகிதம் சார்?" என்றேன். "அன்னிக்கு மறைப்பை அவரே கழட்டினதா இருக்கும்மா. ஃபைலை மூடறதுக்குத்தான். யாரும் அதை எடுத்துப் படிக்கப் போறதில்ல." நான் கோபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. இவர் காலையில் சட்டை போட்டுக்கொண்டு எங்கேயாவது கிளம்பிப் போவதைப் பார்த்தால் போதும் என்று இருந்தது. "ஞாயித்துக்கிழமை காலைல வாங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

இவரிடம் சொன்னபோது சத்தம் போடுவார் என்று நினைத்தேன். "வரட்டும்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது, "உள்ளங்கையில கொஞ்சம் எண்ணெய் ஊத்து" என்றார். எதற்கு என்றதற்கு, "கை வழவழன்னு இருந்தா எது திறக்குது, எது திறக்கலன்னு பாக்கணும். வேர்த்தா அப்படித்தானே இருக்கும்" என்றார். ஊற்றினேன். படி இறங்கும்போதுதான் உறைத்தது. நாள் முழுக்க ஃபேன் அடியில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கை ஏன் வேர்க்க வேண்டும்?

சனிக்கிழமை இவர் குளிக்கப் போனபோது மேஜையில் ஒரு நோட்டைப் பார்த்தேன். பிரஸ்ஸில் இருந்த காலத்திலும் புது மெஷின் வந்தால் இப்படித்தான் கட்டம் போட்டு எழுதுவார். குமிழ், ஓட்டை, துருத்தல், பொத்தான் என்று வரிசை. மேலே, ஈரக் கை, எண்ணெய்க் கை, நின்றுகொண்டு, உட்கார்ந்துகொண்டு, சத்தம் என்று தலைப்புகள். ஒவ்வொரு கட்டத்திலும் பொடி எழுத்தில் ஒழுங்காகக் குறிப்பு இருந்தது. கடைசித் தலைப்பு "எதிரில் ஆள்". அதன் கீழே எல்லாக் கட்டமும் காலி. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான்கு கத்திகளையும் எடுத்து, என் தையல் மெஷின் பெட்டியில் லைனிங் துணிக்கு அடியில் செருகிவிட்டு, அடுப்படிக்கு வந்து நின்றுகொண்டேன். இவர் கத்திகளைத் தேடவே இல்லை. அன்று முழுவதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு சீட்டி வந்தார். படியில் விசில் கேட்கவில்லை. ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் ஆப்பிள் பை, அக்குளில் பிளாஸ்டிக் உறை. மேஜைக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் சீட்டி. நான் டீ வைத்துவிட்டு சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். "நிழல்ல உக்காந்த வேலைப்பா. ஃபேன்கூட இருக்கு" என்றார் சீட்டி. இவர் காகிதத்தை உதடு அசைய இரண்டு தடவை படித்தார். பிறகு அதை நேராக வைத்து, ஓரத்தை மேஜை விளிம்போடு ஒட்டினார். "ஆப்பிள் நறுக்கலாமா சார்?" என்றார்.

"நான் கத்தி கொண்டுவரேன்" என்று எழுந்தேன். "நீ உக்காரு" என்றார். வலது கை பாக்கெட்டுக்குள் போனது. துணி டர்ரென்றது. கை வெளியே வரும்போதே அலகு விரிந்து இருந்தது. எப்போது திறந்தது என்று நான் பார்க்கவில்லை, யாராலும் பார்த்திருக்க முடியாது. அலகின் முதுகில் கொக்கி மாதிரி ஒரு வளைவு இருந்தது. அதுதான் பாக்கெட் ஓரத்தில் மாட்டி, உருவும்போதே கத்தியைத் திறந்துவிடுகிறது. நான் போட்ட இரட்டைத் துணி கொக்கி இன்னும் நன்றாக மாட்டத்தான் உதவியிருக்கிறது. நோட்டில்கூட இது இல்லை. எனக்குத் தெரியாமல் ஐந்தாவது இருக்கிறது என்றால், இன்னும் எத்தனை இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்?

இடது முழங்கையால் ஆப்பிளை அழுத்திப் பிடித்து நான்கு துண்டாக வெட்டினார். ஒரு துண்டை சீட்டியின் முன் தள்ளினார். பிறகு அலகைச் சட்டையில் துடைத்துவிட்டு, பிடி அந்தப் பக்கமாக இருக்கும்படி கத்தியை நீட்டினார்.

"மடக்குங்க சார்."

சீட்டி வாங்கி, இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு கை இல்ல. இடது கையைப் பாக்கெட்ல போட்டுக்கங்க."

"என்னப்பா விளையாட்டு இது?"

"விளையாட்டுதான். போடுங்க."

குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் சீட்டி கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். தளத்தில் இருபது பேரை வரிசையில் நிறுத்துகிற மனிதர் அவர். அன்றைக்கு அந்தக் குரல் இடம் மாறியிருந்தது. கட்டைவிரலைத் தகட்டில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். ஆள்காட்டி விரல் அலகின் முதுகுக்கு எட்டவில்லை. மேலுதட்டில் வேர்வை பூத்தது. "மறைப்பு எதுக்கு, பழகப் பழக விரலை எங்க வெக்கணும்னு தானா வந்துடும்னு அன்னிக்கு சொன்னீங்களே, எங்க வெக்கணும்?" என்று கேட்டபடி இவர் மேஜைமேல் சாய்ந்து, தன் கையை சீட்டியின் கைமேல் வைத்தார். கத்தி இருந்தது சீட்டியின் கையில். பயமும் அவர் முகத்தில்தான் இருந்தது. இவர் கொஞ்சம் அழுத்தினால் போதும், அலகு கட்டைவிரல்மேல் மடங்கிவிடும். இவருடைய முன்கையில் நரம்பு புடைப்பதைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றார் சீட்டி. "ஆர்டர் தேங்கிப் போச்சு. நான்தான் கழட்டச் சொன்னேன். நான்தாம்ப்பா."

இவர் கையை எடுக்கவில்லை. அலகு மெதுவாகத் தாழ்ந்தது. நான் ஓடிப்போய், "விடுங்க, விடுங்க" என்று இரண்டு பேர் கைக்கும் நடுவில் என் விரல்களை நுழைத்துக் கத்தியைப் பிடுங்கினேன். சீட்டியின் கட்டைவிரலில் மெல்லிய கோடு ஒன்று சிவந்தது. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கத்தியை மடக்கினேன். சீட்டி எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். "எழுதித் தரேன். நான் சொன்னதையே எழுதித் தரேன்" என்று இவரிடம் சொல்லாமல் என்னிடம் சொல்லிவிட்டுக் கீழே போனார். காகிதம் மேஜையிலேயே இருந்தது.

"என்ன செய்யறதா இருந்தீங்க?" என்று கேட்டேன்.

இவர் ஆப்பிள் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒன்று சேர்த்தார். "அவன் ஒத்துக்க மாட்டான்னு நெனச்சுத்தான் எல்லாத்தையும் யோசிச்சு வெச்சிருந்தேன்" என்றார். "ஒத்துக்கிட்டான்னா என்ன செய்யறதுன்னு யோசிக்கவே இல்ல."

அடுப்படிக்குப் போய்க் கத்தியைக் குப்பைவாளியின் அடியில் போட்டேன். முகம் கழுவினேன். எவ்வளவு நேரம் குழாயடியில் நின்றேனோ தெரியாது. திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. வாசல் கதவு திறந்திருந்தது.

ஜன்னலுக்கு ஓடினேன். மூன்று மாடி கீழே, சீட்டி இன்னும் போகவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் தலையில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டு, மோவாய்க்கு அடியில் வாரை மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை இன்னும் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. வலது கையால் மட்டும் வாரைத் தேடுகிறார், கொக்கி நழுவுகிறது, மறுபடி தேடுகிறார். இவர் கட்டடத்திலிருந்து வெளியே வந்து, அவசரமே இல்லாமல் தெருவைக் கடந்து அவரை நோக்கி நடந்தார். இவர் எதிரில் போய் நின்று ஏதோ சொன்னார். சீட்டி வாரிலிருந்து கையை எடுத்துவிட்டார். இவருடைய வலது கை அவர் கழுத்தருகே உயர்ந்தது. மேலேயிருந்து பார்க்க அந்தக் கையின் முதுகுதான் தெரிந்தது, உள்ளே இருந்தது வாரின் கொக்கியா, ஆறாவது கத்தியா என்று தெரியவில்லை. தாய்க்கு முன்னால் சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்ள நிற்கிற பிள்ளையைப் போல, சீட்டி மோவாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அசையாமல் நின்றார்.