வெக்காலிக் காம்பு

ஆண்டிக்குக் கருமாதி முடிந்த மறுநாள் காலையில், அவனைக் கொன்ற சம்மட்டிக்குப் புதுக் காம்பு செதுக்க உட்கார்ந்தாள் தீர்த்தம்மாள்.

தொப்பூர்க் கணவாயில் பட்டாளத்து லாரிகள் ஏறுவதற்காகப் பாறையை உடைத்து ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்த வருஷம் அது. வெடிக்குழி போடுவது இரண்டு ஆள் வேலை. ஒருவன் குத்தவைத்து உளியைப் பிடிக்க, மற்றவன் நின்றபடி சம்மட்டியால் அடிப்பான். தீர்த்தம்மாளின் புருஷன் மாது அடிக்கிறவன், ஆண்டி பிடிக்கிறவன். ஒருநாள் உச்சிப்பொழுதில், ஓங்கிய சம்மட்டியிலிருந்து இரும்பு கழன்று ஆண்டியின் பொட்டில் விழுந்தது. மாதுவின் கையில் வெறும் காம்பு நின்றது.

அன்று குடிசைக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான் மாது. வலது கையை உடம்புக்கு அடியில் போட்டு அழுத்திக்கொண்டே கிடந்தான். கஞ்சி கொடுத்தால் இடது கையால் வாங்கிக் குடித்தான். "இது சாவு புடிச்ச கை" என்று ஒரே ஒரு தரம் சொன்னான்.

கை இல்லை, காம்பு என்று தீர்த்தம்மாளுக்குத் தெரியும்.

பழைய காம்பு, ஆண்டி சாவதற்கு முந்தின நாள் சாயந்திரம் பிளந்துபோயிருந்தது. மாதுவுக்குக் குளிர் காய்ச்சல். சம்மட்டி இல்லாமல் வருகிறவன் வரவே வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தான். அவள்தான் ஓடைக்கரையில் ஒரு கிளையை வெட்டிச் சீவி மாட்டினாள். பச்சை மரம். இரும்பு ஆடியது. தலைகீழாகப் பானைத் தண்ணீரில் ஊறவைத்தாள். விடிகாலையில் மரம் உப்பி இரும்பைக் கவ்விப் பிடித்திருந்தது. வெயில் ஏறினால் அது சுருங்கும் என்பது கல்லுடைக்கிற கூட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஒருநாள் தாங்கும் என்று நினைத்தாள். இல்லை, அப்படி நினைக்கவில்லை, நினைக்காமல் இருந்துகொண்டாள். "காஞ்ச மரந்தானே புள்ள?" என்று மாது கேட்டான். "ஆமாங்க" என்றாள்.

ஆண்டி செத்த அன்று மாலையே அந்தக் காம்பை அடுப்பில் வைத்தாள். அது எரியவில்லை. முனையில் நுரை தள்ளிப் புகைந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, முழுவதும் கரியாகும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள்.

கருமாதி முடிந்த கையோடு மேஸ்திரி குடிசை வாசலில் வந்து நின்றான். "கூலிக்கு வந்தீங்களா, எழவு காக்க வந்தீங்களா? வெள்ளிக்கெழம அந்தச் சம்மட்டி பாறைல பேசோணும். இல்லன்னா வூட்டக் காலி பண்ணு. வேற ஆளு காத்திருக்கான்."

"அவுரு எந்திரிக்க மாட்டேங்கறாருங்க."

"நீ அடி. கை இல்லயா ஒனக்கு?"

சொந்த ஊரான நல்லம்பள்ளிப் பக்கம் மூன்று வருஷமாக மழை இல்லை. திரும்பிப் போக அவர்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் அவள் அடிப்பதற்குக்கூட ஒரு வழி வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆளை விழுங்கிய இரும்புக்குப் புதுக் காம்பு போட்டு, செத்தவன் வீட்டார் கையால் ஆப்பு இறக்க வேண்டும். அதுவரை அந்தச் சம்மட்டிக்குக் கீழே எவனும் உளி பிடிக்க மாட்டான்.

கணவாயில் கவிழ்ந்து கிடந்த ஒரு வண்டியிலிருந்து பக்கக் கம்பு ஒன்றை உருவி வந்திருந்தாள். வெக்காலி மரம். பல வருஷம் வெயில் குடித்தது. கல்லில் தட்டினால் கணீரென்றது. கொடுவாள் அதில் வழுக்கியது. சீவல் சீவலாக எடுத்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, சம்மட்டி இரும்பின் கண்துளையில் நுழைத்து நுழைத்துப் பார்த்தாள். இரும்பு உரசிக் கறுத்த இடத்தை மறுபடி சீவினாள். உள்ளங்கை கிழிந்தது. இவ்வளவு பொறுமை அன்றைக்கு எங்கே போயிற்று என்று மனம் கேட்டது. அன்றைக்குப் பயம் இருந்தது என்று அதற்கே பதிலும் சொன்னது. அந்தப் பதிலைக் கேட்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் காம்பு நின்றது. ஆப்பு மட்டும் பாக்கி.

நாலு குடிசை தள்ளி, ஆண்டியின் மனைவி கருப்பி கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். தீர்த்தம்மாள் சம்மட்டியையும் ஆப்பையும் அவள் முன்னால் வைத்தாள். கருப்பி முறத்தை ஒதுக்கிவிட்டுக் காம்பை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"காஞ்ச மரமா?"

"காஞ்சதுக்கா." அதோடு நிறுத்தியிருக்கலாம். "அன்னிக்குப் போட்டது பச்ச. நாந்தான் போட்டேன். தண்ணில ஊறவெச்சிக் குடுத்தேன். அவுருகிட்ட காஞ்சதுன்னு பொய் சொன்னேன்."

கருப்பி காம்பைக் கீழே வைத்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தீர்த்தம்மாள் காத்திருந்தாள். அதற்காகத்தான் வந்தோமோ என்றுகூடத் தோன்றியது.

"பதினேழு நாளு," என்றாள் கருப்பி. "அதுக்கு மொதநாளு ராத்திரி அந்தாளுகிட்டச் சண்ட போட்டு, காலைல கூழு ஊத்தாம அனுப்புனேன். பசில கண்ணு இருட்டி வெலகாம ஒக்காந்துட்டாருன்னு பதினேழு நாளா என் மாருல நானே அடிச்சிக்கிட்டிருக்கேன். பாத்துக்கிட்டுத்தானடி இருந்த?"

தீர்த்தம்மாள் தலையசைத்தாள்.

கருப்பி ஆப்பை எடுத்தாள். காம்பின் தலையில் வைத்து, கல்லால் மூன்று போடு போட்டாள். ஆப்பு முழுக்க இறங்கியது. சம்மட்டியை அவளிடம் திருப்பித் தரவில்லை.

"மேஸ்திரி என்னையும் போகச் சொல்லிட்டான். வெள்ளிக்கெழம நான் அடிக்கறேன். நீ உளி புடி."

"சரிக்கா."

"மாதண்ணங்கிட்டச் சொல்லிட்டு வா. சொல்லலன்னா வராத."

குடிசைக்குள் விளக்கு ஏற்றவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிந்ததும் அவன் கை விடுதலையாகும் என்று நம்பினாள்.

"தெரியும் புள்ள," என்றான் மாது, திரும்பாமலே. "பாறைல நின்னு ஓங்குனதுமே தெரிஞ்சுது. ஈரக் காம்பு கனக்கும்."

"அப்புறம் ஏங்க..."

"மேஸ்திரி பாத்துக்கிட்டு நின்னான்."



வெள்ளிக்கிழமை காலையில் தீர்த்தம்மாள் பாறையில் குத்தவைத்து உளியை இரண்டு கையாலும் பிடித்தாள். கருப்பி காலை அகட்டி நின்றாள். முதல் அடி உளியின் ஓரத்தில் பட்டு வழுக்கி, பாறையில் பொறி பறந்தது. அடுத்தது நேராக விழுந்தது. மதியத்துக்குள் நாலு விரற்கடை ஆழம் இறங்கியது. பத்து அடிக்கு ஒருமுறை கருப்பி நிறுத்தி, ஆப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். காஞ்ச மரந்தானா என்று தீர்த்தம்மாளிடம் மறுபடி கேட்கவில்லை.